ஆயுத பூஜையில் ஒரு ஜோடி ஷூ

பெஞ்சின் மேலிருந்த புத்தம்புது வெள்ளை ஷூவைப் பார்த்ததும் வேலாயுதத்துக்கு வயிறு எரிந்தது. காலையில் தின்ற செட் தோசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கவின்ராஜ் ஹனூர்ப் பக்கத்துப் பையன். கூடைப்பந்து லீக்கில் இதுதான் முதல் சீசன். அதற்குள் ஷூ கம்பெனி விளம்பரம், லட்சக்கணக்கில் ஒப்பந்தம். வேலாயுதமோ அதே மைசூரு அணிக்கு வருஷக்கணக்காக ஆடுகிறான். ஓர் ஊதுவத்திக் கம்பெனிகூட அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. இருந்த ஒரு பழைய ஷூவும் போன வாரம் ஒருநாள் காணாமல் போய்த் திரும்பி வந்தது. மைதானம் கூட்டுகிற மாரக்காள்தான் எடுத்திருப்பாள் என்று அவளை இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான்.

"பத்திரம் சார், இந்த மாடல் இன்னும் கடைக்கே வரலை" என்றான் கம்பெனிக்காரன் மதன். "பன்னெண்டு மணிக்கு ஷூட்டிங். ஒரு சஸ்பென்ஸ் இருக்கு. கவின் வந்து சொல்வார்."

சஸ்பென்ஸாம்! இன்னும் ரெண்டு லட்சம் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று பல்லைக் கடித்தான் வேலாயுதம்.

அன்றைக்கு ஆயுத பூஜை. மைதானத்து மூலையில் பந்து, டம்பெல், விசில் எல்லாம் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. அவ்வளவுதான், ஷூவைக் கொண்டுபோய்ப் பந்துகளுக்கு நடுவே வைத்துவிட்டான்.

மேனேஜர் கௌரம்மா கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுப் பதறினாள். "அய்யோ தேவரே! கால்ல போடறதை இங்க வெப்பாங்களா?"

"தச்சனுக்கு உளி மேடம், எங்களுக்கு ஷூ. இதுவும் ஆயுதம்தானே?"

"ஹௌது, ஹௌது!" என்று ஆமோதித்த கௌரம்மா உருகிப்போய் ஷூவுக்கும் பொட்டு வைத்தாள்.

வெளியே போயிருந்த மதன் திரும்பி வந்ததும் வேலாயுதம் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான். "பூஜையில வெச்சுட்டாங்க சார். நாளைக்குத்தான் எடுக்கணும்."

மதன் துள்ளினான். "சூப்பர் சார்! தசரா, பூஜை, நடுவுல நம்ம ஷூ! இதான் முதல் ஷாட். ஓடுற சீனை நாளைக்கு ஜம்பு சவாரி யானை ஊர்வலக் கூட்டத்துல எடுப்போம். உங்க ஏரியாவுலயே பெரிய போர்டு வெச்சுடலாம்!"

தினமும் அந்தப் பயல் மூஞ்சியிலா விழிக்க வேண்டும்? வேலாயுதத்தின் கண் திருஷ்டிப் பூசணிக்காய் மேல் விழுந்தது. உள்ளே நிறையக் குங்குமம்.

"மேடம், புதுப்பையனுக்கு ஊர்க்கண்ணு பட்டிருக்கும். இந்தத் தடவை நான் உடைக்கிறேன்."

"எவ்வளவு நல்ல மனசு உனக்கு!" என்று கண் கலங்கினாள் கௌரம்மா.

நல்ல மனசுக்காரன் பூசணிக்காயைத் தூக்கிச் சுற்றினான். வாசலுக்கு எடுத்துப் போகிற வழியில் கை 'வழுக்கியது'. ஷூ இரண்டும் குங்குமத்தில் குளித்தன.

மதன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "மாத்து ஜோடி இல்லையே சார்! பாதி விளம்பரம் போச்சு, வெட்டிட வேண்டியதுதான்."

பாதிதானா? சரி, கிடைத்தவரை லாபம். வேலாயுதத்துக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் கவின்ராஜ் உள்ளே வந்தான். காலில் அழுக்குப் படாத அதே மாடல் வெள்ளை ஷூ.

"அண்ணா, ரெடியா?" என்று கேட்டான்.

வேலாயுதம் அந்த வெள்ளை ஷூவைப் பார்த்தான். தரையில் கிடந்த சிவப்பு ஷூவைப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

பூசணிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்த மாரக்காள் நிமிர்ந்தாள்.

"உங்க பழைய ஷூவை நான் ஒண்ணும் திருடலீங்கண்ணா. அண்ணனும் கூட நடிச்சாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு இந்தத் தம்பி ஒத்தக்கால்ல நின்னுச்சு, உங்களுக்கு இந்தப் புதுசை வாங்க அளவுக்குத்தானுங்க எடுத்துக் குடுத்தேன்!"