பாடுகிறவனுக்கு முன்னே வந்த பொலிஸ்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.8.1973

மரியாதைக்குரிய மச்சான் தாஹிர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நானும் உங்கள் தங்கச்சி மைமூனாவும் அல்லாஹ்வின் காவலில் சுகம். மூதூரில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் வயலும் மாடும் சுகமாயிருக்கத் துஆச் செய்கிறோம். வீட்டுக்குப் பொலிஸ் வந்து போனது.

கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் என் கடைக்கு வந்த வெள்ளைக்கார மாலுமி ஒருவன், ஒரு வாழைக்குலைக்குப் பதிலாக ஓர் இசைத்தட்டைத் தந்துவிட்டுப் போனான் என்று முன்பு சொன்னேனல்லவா. அவனுடைய ஊரிலேயே அதை ஒருவரும் வாங்கவில்லையாம். வாங்காதவர்களுக்காக நான் வருந்துகிறேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. முதலில் சத்தமே இல்லை, பிறகு காற்று மாதிரி ஓர்கன், பிறகு தந்தியடிப்பது போல 'டிக் டிக்', அதன்மேல் மேளம், அதற்கும் பிறகுதான் பாடுகிறவன் வருவான். பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் வருவதைப் பார்த்திருக்கிறீர்கள்: முதலில் புகை, பிறகு கொடிமரம், கடைசியில்தான் கப்பல். அவசரப்படுகிறவனுக்கு அந்தப் பாட்டு இல்லை. நாட்டில் நடப்பதோ அவசரகாலச் சட்டம்.

பக்கத்து வளவு அலியார் இந்த 'டிக் டிக்'கைக் கேட்டு, ஸெய்னுதீன் துறைமுகத்துக் கப்பல்களைப் பற்றி யாருக்கோ வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்புகிறான் என்று பொலிசில் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பகல் சோற்றில் கை வைத்திருக்கிறேன், சார்ஜன் பாக்கியரத்தினம் இரண்டு பொலிஸ்காரரோடு உள்ளே வந்து அலுமாரி, கட்டில், அரிசிப் பெட்டி எல்லாவற்றையும் கிளறினார்.

"அந்தச் சத்தம் எதில இருந்து வந்தது?"

"பாட்டுத் தட்டில இருந்து ஐயா."

"போடுங்கோ பாப்பம்."

போட்டேன்.

"ஒண்டும் கேக்கேல்லையே?"

"வரும் ஐயா."

'டிக் டிக்' வந்தது. ஒரு பொலிஸ்காரர் வாசலை மறித்துக்கொண்டார்.

"பாட்டெண்டா பாடுறவன் எங்க?"

"அவர் மெல்லமாத்தான் வருவார் ஐயா."

"அவர் வாறவரைக்கும் நாங்கள் இருக்கோணுமோ?" என்று கேட்டுக்கொண்டே சார்ஜன் கதிரையில் இருந்தார். மேளம் ஏறியது. பாடுகிறவன் மூச்செடுக்கிற இடம் வந்ததும் கரண்ட் போய்விட்டது. தட்டு முனகிக்கொண்டு நின்றது.

"சரி, நடவுங்கோ. மிச்சத்தை ஸ்டேசனில கதைப்பம்" என்று சார்ஜன் எழும்பினார். அப்படி ஸ்டேசனுக்குப் போன எத்தனையோ பேர் இன்னும் வீடு வந்து சேரவில்லை, மச்சான். நான் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்போது அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது. உங்கள் தங்கச்சி. அந்தத் தட்டைப் பேய்ச்சத்தம் என்று ஏசியவள், இங்கிலீசில் ஒரு சொல்லும் அறியாதவள், முக்காட்டைப் பிடித்தபடி கதவடியில் வந்து நின்று, தட்டு விட்ட இடத்திலிருந்து பாடினாள். பாடுகிறவனையும் பாடினாள், ஓர்கனையும் வாயால் வாசித்தாள், இடையிடையே டிக் டிக்கும் சொன்னாள். எழும்பிய சார்ஜன் திரும்பவும் இருந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"இப்பிடி ஒரு பாட்டை ஒருத்தரும் பொய்க்குச் செய்யமாட்டினம்" என்றார். "இனி யன்னலைச் சாத்திப்போட்டுக் கேளுங்கோ."

ஆனாலும் எனக்குப் பயம் தெளியவில்லை. செவ்வாய்க்கிழமை மூதூர் வரும் லோஞ்சுப் படகில் தட்டை அனுப்புகிறேன். அங்கே ஜெட்டிக்குப் போய், வெயில் படாமல் வாங்கி, உங்கள் வீட்டில் பத்திரமாக வையுங்கள். மதினிக்கு ஸலாம். உங்கள் வயல் போகத்தில் அல்லாஹ் பறக்கத்தையும் விளைச்சலையும் சொரிவானாக.

உங்கள் மச்சான்,
ஸெய்னுதீன்

பி.கு: காக்கா, நான் உங்கட தங்கச்சி மைமூனா. கடிதத்தை ஒட்டச் சொல்லித் தந்துட்டு இவர் கடைக்குப் போயிட்டார். நீங்க ஜெட்டியில போய் வெயில்ல நிக்காதீங்க, தட்டு வராது. அலியார் கேட்டது இவர் போட்டப்ப இல்ல. இவர் கடைக்குப் போன பிறகு நான் போட்டப்ப. மத்தப் பக்கத்தை இவர் இன்னும் போட்டே பார்க்கல்ல. அதுதான் நல்ல பக்கம்.