நூறு பேருக்குத்தான் இடம்

திரையில் நூறு பேர் வந்துவிட்டார்கள். வர வேண்டிய ஒருவரை மட்டும் காணோம்.

பிளசிக்கு அன்றைக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வீட்டிலிருந்தே ஆன்லைனில். தேர்வாளர் சென்னைப் பேராசிரியர். அவர் கேள்வி கேட்டால்தான் ஆறு வருட உழைப்புக்குப் பட்டம்.

"நூறுக்கு மேல ஏறாதுப்பா. இத்தன பேரு யாரு?"

அப்பா சவரி தலையைச் சொறிந்தார். அரூர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். "பூசை முடிஞ்சதும் எல்லாருக்கும் சொன்னேன் கண்ணு. வூட்டு விசேசத்துக்கு அழைக்காம இருக்க முடியுமா? லிங்கையும் அனுப்பிட்டேன்."

திரைக்குள் யார் வீட்டு மிக்சியோ ஓடியது. கோழி கொக்கரித்தது. பிளசி மற்ற எல்லார் மைக்கையும் பூட்டினாள். தேர்வாளரை அழைத்துப் பார்த்தாள். போன் அணைந்திருந்தது.

சவரி தெருவில் இறங்கினார். "யாராச்சும் ஒருத்தரு வெளிய வாங்கப்பா."

எதிர்வீட்டு ஜோஸ்பின் வெளியேறினாள். அந்த இடத்தில் பாப்பாரப்பட்டிச் சம்பந்தி ஏறிக்கொண்டார். நூறு நூறாகவே நின்றது. சவரி வீட்டுக்குள் திரும்பினார்.

"நான் படிக்கிறதே இதத்தான்" என்றாள் பிளசி, அழுவதா சிரிப்பதா தெரியாமல். "அணுக்கருவுக்குள்ள குளுவான்னு துகள் இருக்குப்பா. வேகம் கூடக் கூட ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். நெருக்கம் முத்துனா ரெண்டு சேந்து ஒண்ணாயிரும். அப்பறம் எண்ணிக்கை ஏறாது."

"ரெண்டு அணுக்கரு மோதுனா?" என்றார் சவரி.

"எதிர்பாத்ததவிடக் கம்மியாத்தான் துகள் சிதறும்."

அவர் யோசித்தார். "லாரியில ஆளு நெருக்குனா ரெண்டு பேரு ஒரே மூட்டையப் புடிப்பான். ஆளு கூடும், எறங்குற மூட்டை கூடாது. அதான?"

பிளசி அவரையே பார்த்தாள். "அதேதாம்பா."

"அப்ப ஊரையும் ரெண்டு ரெண்டா சேத்துட வேண்டியதுதான்."

வீடு வீடாக ஓடி, இரண்டு வீட்டுக்கு ஒரு போன் என்று ஆக்கிவிட்டு மூச்சிரைக்க வந்தார். இப்போது அறுபது. அப்போதும் தேர்வாளர் வரவில்லை. பட்டியலில் 'ரஞ்சித்குமார் டிரைவர்' என்றொரு பெயர் முகம் காட்டாமல், அசையாமல் இருந்தது.

"நம்ம லாரிக்கார ரஞ்சித்து. வூடு பூட்டிக் கெடக்குது, எங்கியோ ஒக்காந்து வேடிக்க பாக்கறான். தள்ளு அவன."

தள்ளினாள். திரும்ப வந்தான். மூன்று முறை தள்ளினாள். நான்காம் முறையும் வந்து நின்றான்.

"மைக்கத் தொற, நான் பேசிக்கிறேன்." சவரி திரைக்கு முன் குனிந்தார். "ஏன்டா, ஒனக்கு வேற வேலையே இல்லியா?"

"என் வேலையே இதுதாங்க" என்றது நிதானமான குரல். "என் போன் கெட்டுப்போயி, என் கார் டிரைவர் போன்ல பத்து மணிக்கே வந்துட்டேன். நான் கேக்க இருந்த முதல் கேள்விக்கு நீங்களே மூட்டைய வெச்சுப் பதில் சொல்லிட்டீங்க, ரெண்டாவதையாவது பிளசிக்கு விட்டுக்குடுங்க."