இரண்டு ஊமைப் பியானோக்கள்

"சின்னவரோட பியானோ என்னோடதைவிட உசரம்" என்றார் பெரியவர்.

தச்சர் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். இரண்டையும் தரையிலிருந்து மேல்பலகை வரை அளந்தார். நாடாவைப் பெரியவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஒரே பலகையில அறுத்ததுங்க. ஒரு நூல் வித்தியாசம் கிடையாது."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

"கண்ணு சொல்லலைங்க. மேடை சொல்லுது. பார்க்க வர்றவங்களுக்குத் தெரியணும்னு மேடையைச் சரிவா போட்டிருக்கு. அவரு பெட்டி பின்னால இருக்கு, மேட்டுல. உங்க பெட்டி முன்னால, பள்ளத்துல."

"பள்ளத்துல" என்ற சொல்தான் கெடுத்தது. பெரியவர் அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போய்விட்டார்.

பியானோ என்று பெயர்தானே தவிர இரண்டும் ப்ளைவுட் பெட்டிகள். கறுப்புப் பெயிண்ட், நான்கு கால்கள். கட்டைகள் வெள்ளையும் கறுப்புமாகத் தீட்டப்பட்டவை. அமுக்கினால் உள்ளே போகாது. சத்தம் ஸ்பீக்கரில் வரும். சத்தமே வராத பெட்டி எவ்வளவு உயரம் இருந்தால் என்ன என்று தச்சருக்குப் புரியவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஒன்பது வருஷமாக அந்த நாடக மன்றத்தில் அவர் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு இப்போதுதான் செயலாளர் மேசைவரை வந்திருந்தது.

நாடகம் பழையது, வெளிநாட்டுது. ஓர் அரசவை, அதில் இரண்டு இசையமைப்பாளர்கள். மூத்தவர் ராப்பகலாக உட்கார்ந்து சுமாராக எழுதுபவர். இளையவர் சிரித்துக்கொண்டே எழுதி எல்லோரையும் அழவைப்பவர். மூத்தவருக்கு வயிறு எரியும். கடைசியில், மூன்றாவது அங்கத்தில், இருவரும் அரசர் முன்னால் எதிரெதிரே உட்கார்ந்து போட்டிக்கு வாசிப்பார்கள்.

வேஷம் போடுபவர்களுக்கும் அதே எரிச்சல்தான். பெரியவர் இருபத்தைந்து வருஷமாக அந்த மன்றத்தின் முதல் நடிகர். சின்னவர் மூன்று வருஷத்துக்கு முன் வந்தவர். வந்த நாளிலிருந்து கைத்தட்டலை வாரிக்கொண்டு போகிறவர். போஸ்டரில் யார் பெயர் முதலில் என்று சண்டை வந்து, கடைசியில் இரண்டு பெயரையும் வட்டமாக அச்சடித்தார்கள். தெருவில் அதைப் படிப்பவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்து வலியோடு போனார்கள்.

டைரக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். இயக்கம், மொழிபெயர்ப்பு இரண்டுமே அவர்தான். எப்போதும் விரலில் மைக்கறை.

"யோவ் தச்சரே, என்னய்யா இது? ரெண்டு பெட்டி ஒழுங்கா செய்ய முடியலையா? பியானோ சரியாகாம மூணாவது அங்கத்தைத் தொடமாட்டேன். பியானோ எங்க நிக்குதுன்னு தெரியாம நான் வசனத்தைக் கையில கொடுத்தா நடிகர்கள் எங்க நடப்பாங்க? சரி பண்ணு. சரியானதும் கூப்பிடு."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தச்சர் சின்னவர் பியானோவின் கால்களில் ஓர் இஞ்ச் அறுத்தார்.

மறுநாள் காலை சின்னவர் பட்டறைக்கே வந்தார்.

"அண்ணே, நான் உங்களுக்கு என்ன துரோகம் செஞ்சேன்?"

"ஏன் தம்பி?"

"என் காலை வெட்டிட்டீங்களே! அவரு பியானோல வாசிக்கறாரு, நான் என்ன முக்காலியில வாசிக்கறதா?"

தச்சர் பெரியவர் பியானோவின் கால்களிலும் ஓர் இஞ்ச் அறுத்தார். அறுக்கும்போது ஒரு கால் இரண்டு நூல் கூடப் போய்விட்டது. பெட்டி ஆடியது. ஆட்டத்தை நிறுத்த மற்ற மூன்றையும் அறுத்தார். அந்த மூன்றில் ஒன்று கூடப் போனது. வேலை தெரிந்த கைதான். ஆனால் பின்னாலிருந்து மூன்று பேர் "போதும், போதும், இன்னும் கொஞ்சம்" என்று கத்தினால் ரம்பத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது.

வார முடிவில் இரண்டு பியானோவும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன.

"இப்ப சமம்" என்றார் தச்சர், வியர்வையைத் துடைத்தபடி.

"உக்காந்து எழுந்து பாருங்க" என்றார் டைரக்டர் பெரியவரிடம்.

பெரியவர் ஆள் பருமன். உட்கார்ந்தார். தொடை இரண்டும் பியானோவுக்கு அடியில் ஆப்பு அடித்தாற்போல் இறங்கின. அரசரைக் கண்டதும் எழுந்து வணங்க வேண்டிய இடம் அது. பெரியவர் கம்பீரமாக எழுந்தார். பியானோவும் எழுந்தது.

சின்னவர் சிரித்தார். அடக்கித்தான் சிரித்தார், இருந்தாலும் கடைசி வரிசைவரை கேட்டது.

"இறக்குங்கய்யா என்னை!" என்றார் பெரியவர். இரண்டு பேர் பியானோவைப் பிடிக்க, இரண்டு பேர் அவரைப் பிடித்து உருவினார்கள்.

"பெட்டி லேசா இருக்கு, அதான்" என்றார் டைரக்டர். "கனம் போடு." சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

தச்சர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பன்னிரண்டு செங்கல் அடுக்கினார். பியானோ இப்போது யாரோடும் எழுந்திருக்கவில்லை. ஆனால் காட்சி மாறும்போது அதை நகர்த்துகிற மேடை ஆட்கள் நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்களுக்கு முதுகு ஒண்ணுதான் இருக்கு" என்றார் அவர்களில் மூத்தவர்.

நியாயம்தான். தச்சர் சக்கரம் மாட்டினார். நல்ல சக்கரம், பழைய கட்டில் ஒன்றிலிருந்து கழற்றியது. சின்னவர் பியானோ நின்ற இடத்தில் தரை கொஞ்சம் மேடுபள்ளம், அதனால் அது நின்றது. பெரியவர் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் உயரே தூக்கி, கட்டைகள் மேல் ஓங்கி வைத்தார். பியானோ புறப்பட்டது.

மெதுவாகத்தான் புறப்பட்டது. பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை; கைக்கு எட்டாமல் போகிற பியானோவை எட்டி எட்டி வாசித்தார். அப்புறம் ஸ்டூலோடு முகம் குப்புற விழுந்தார். செங்கல் சுமந்த பியானோ மேடை விளிம்பைத் தாண்டி, முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியை நொறுக்கிக்கொண்டு நின்றது. நான்காவது நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். ஒத்திகை எப்படி நடக்கிறது என்று பார்க்க அன்றைக்குத்தான் வந்திருந்தார்.

"பியானோ செஞ்சது யாரு?" என்றார் செயலாளர்.

நூறு விரல் தச்சரைக் காட்டின. அதில் முதல் விரலில் மைக்கறை இருந்தது.

"ரெண்டு வாரமா இவராலதான் சார் ஒத்திகை நிக்குது" என்றார் டைரக்டர் வருத்தத்தோடு.

செயலாளர் எழுந்து சட்டையிலிருந்த மரச்சிம்பைத் தட்டினார். "அடுத்த வெள்ளிக்கிழமை திரை ஏறணும். ஏறினா உன் கோப்புல கையெழுத்து. ஏறலைன்னா இந்தப் பெட்டியோட நீயும் வெளியே. அதுக்கு நடுவுல பியானோவைப் பத்தி இன்னொரு புகார் வந்தாலும் அதே கதிதான்."

சாயங்காலம் தச்சர் வீட்டுக்குப் போனபோது மனைவி குப்புறப் படுத்திருந்தாள். கட்டட வேலையில் சித்தாள். பதினான்கு வருஷம் தலையில் கல்லும் கலவையும் சுமந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாக வேண்டும். உங்கள் வேலை நிரந்தரமான மறுநாள் நான் சட்டியை இறக்கிவைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். மேஸ்திரியை என்ன சொல்லித் திட்டிவிட்டு வருவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

தச்சர் அவள் இடுப்பில் தைலம் தேய்த்தபடி நடந்ததைச் சொன்னார். சக்கரம் உருண்ட இடத்தில் அவள் சிரித்து, வலி தாங்காமல் "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்றாள்.

"சிரிப்பா இருக்கா உனக்கு? வேலை போகப்போகுது."

"நம்ம பசங்க ரெண்டும் தலகாணிக்கு அடிச்சுக்கிட்டப்ப நான் என்ன செஞ்சேன்?"

"முதுகுல ரெண்டு வச்சே."

"அதுக்கப்புறம்?"

"ரெண்டு தலகாணியையும் சேத்துத் தைச்சே."

"அவ்வளவுதான். ஒரே பெட்டியா செய்யுங்க. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். ஒரே பலகைன்னா எவன் உசரம், எவன் குட்டை? கொஞ்சம் கீழ தேய்ங்க."

தச்சர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "நீ எதுக்குடி கல்லு சுமக்கறே?"

"நீங்க நிரந்தரமாகலையே, அதுக்கு."

இரண்டு நாள் பட்டறையை விட்டு அவர் நகரவில்லை. பழைய பெட்டிகளைப் பிரித்தார். செங்கல்லை வெளியே அடுக்கினார். அகலமாக ஒரே பெட்டி. இரண்டு பக்கமும் கட்டைகள். காலே இல்லை, அடிப்பலகை தரையோடு உட்காரும். மேடைச் சரிவை அளந்து அதற்குத் தக்கபடி அடியைச் சீவினார். மேலே ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நின்றது, அசையவே இல்லை.

சனிக்கிழமை காலை பெட்டி மேடைக்குப் போனது. பெரியவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார். சின்னவர் மறுபக்கம் உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்து அவர்களுக்குப் பழக்கமில்லை. இருவரும் டைரக்டரைப் பார்த்தார்கள்.

டைரக்டர் பியானோவைச் சரியாகப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. "பிரமாதம்" என்றார். "இதைத்தானே நான் ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர்.

"எனக்கும் குறை ஒண்ணும் தோணலை" என்றார் சின்னவர்.

தச்சர் காத்திருந்தார். யாரும் குனிந்து அளக்கவில்லை. யாரும் கண்ணைச் சுருக்கவில்லை. பதினைந்து நாளாக ஆளையே அறுத்த கூட்டம் ஒரே நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டது. மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். "உன் மூளையை அரசவையில வைக்கணும்டி."

"அப்ப நாளன்னிக்கு மேஸ்திரிகிட்ட சொல்லிடட்டுமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. அவனுங்களை நம்ப முடியாது. சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்தா பியானோ ஒரு பக்கம் கறுப்பு ஜாஸ்தின்னு சொல்லுவானுங்க."

திரும்பி வந்து பட்டறையில் உட்கார்ந்தார். வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் ரம்பத்துக்கு அரம் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டார். நடைவழியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவர் கை ரம்பத்துக்குப் போனது. மேடை விளக்கு ஆள் போனார். பெருக்குகிற அம்மா போனார். ஒரு தடவை சின்னவரே வந்து வாசலில் நின்றார். தச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன தம்பி? உசரமா?"

"இல்லண்ணே. தீப்பெட்டி இருக்கா?"

அவர் போன பிறகு தச்சர் ரம்பத்துக்கு இன்னொரு தடவை அரம் போட்டார். மறுபடி காலடிச் சத்தம். இந்தத் தடவை டைப் அடிக்கிற பெண். டைரக்டர் அறைக்கு வெளியே ஒரு மூலையில் மெஷினோடு உட்கார்ந்திருப்பவள். நெஞ்சுவரை காகிதக் கட்டுகளை அணைத்துக்கொண்டு வந்து மேசைமேல் போட்டாள்.

"இதுல ரெண்டு ரெண்டு ஓட்டை போட்டுக் குடுங்கண்ணே. கயிறு கோக்கணும். தடிமனா இருக்கு, குண்டூசி இறங்கலை."

"என்னம்மா இது?"

"மூணாவது அங்கம்."

தச்சர் கட்டு ஒன்றைப் பலகைமேல் வைத்துத் துளைப்பானை எடுத்தார். மேடைப் பக்கமிருந்து பெரியவர் குரல் உயர்ந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. தச்சர் துளைப்பானைக் கீழே வைத்துவிட்டார்.

"போச்சு. குறை கண்டுபிடிச்சிட்டாரு. உசரம்ங்கறாரா, குட்டைங்கறாரா? போய்க் கேட்டுட்டு வாம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னும் ஆறு நாள் இருக்கே, நான் எப்படித் தள்ளுவேன்?"

அந்தப் பெண் நகரவில்லை. விரலில் ஒட்டியிருந்த கார்பன் கறையைத் தாவணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பயப்படாம ஓட்டையைப் போடுங்கண்ணே. 'அவரு பியானோ உங்களதைவிட உசரமா இருக்கே, கவனிச்சீங்களா'ன்னு ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி அறைக்குள்ள கூப்பிட்டுக் கேட்டது டைரக்டர்தான். இந்த அங்கத்தை அவரு நேத்துதான் மொழிபெயர்த்து முடிச்சாரு, இனிமே உங்க பியானோல ஒரு குறையும் இருக்காது."