சுதேசி சிக்னல்

"சார், கிரேன் அசைய மாட்டேங்கு," என்றான் இன்பமணி. அறைக்குள் உட்கார்ந்தபடியே கப்பலடியில் நிற்கும் கிரேனை ஓட்டுபவன் அவன்.

எப்படி அசையும்? கிரேனுக்குச் சிக்னல் கொடுத்த 5ஜி பெட்டியைத்தான் துறைமுக இன்ஜினியர் கிருபாநிதி சற்று முன்பு கழற்றியிருந்தார். வெளிநாட்டுப் பெட்டி வேவு பார்க்கும், மாதக் கடைசிக்குள் எடுத்துவிடு என்று மேலிடத்து உத்தரவு. சுதேசிக் கப்பல் விட்ட தூத்துக்குடியில் அது இன்னும் ஒரு நாள் இருப்பதா என்று பொங்கியவர், புதுப் பெட்டி வருமுன்பே ஜெபம் பண்ணிவிட்டுக் கழற்றிவிட்டார்.

"சாதா சிம்மைப் போடுலே. அதுல ஓடும்."

ஓடியது. கப்பலிலிருந்து ஒரு கன்டெய்னரைத் தூக்கி, பாதி வழியில் சிக்னல் அறுந்து அந்தரத்தில் நின்றது. நேர் கீழே, சத்தம் போட வந்த மேனேஜர் வெள்ளத்துரையின் புதுக் கார். அதை எடுக்கப் போக யாருக்கும் தைரியமில்லை.

"சாயந்திரம் கப்பல் கிளம்பிரும். அதுக்குள்ள சரக்கு இறங்கலன்னா நாளையில இருந்து நீரு வர வேண்டாம்வே," என்று கிருபாநிதியிடம் கத்தினார் வெள்ளத்துரை.

வேறு வழியில்லாமல் கிருபாநிதி பழைய பெட்டியையே மாட்டினார். ஒருமுறை கழற்றியதால் அது தானாகவே பூட்டிக்கொண்டு சிக்னல் தர மறுத்தது. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டால், எங்கள் ஊரிலிருந்தே உள்ளே நுழைந்துதான் திறக்க முடியும், அனுமதி கொடுங்கள் என்றார்கள்.

"நுழையக் கூடாதுன்னுதானய்யா கழத்துனேன்," என்று போனை வைத்தார். "பாத்தீயளா அண்ணாச்சி அநியாயத்த? வீட்டை வித்தவன் சாவிய மட்டும் தர மாட்டானாம். நெனச்சப்ப வந்து பாத்துட்டுப் போவானாம். இதுக்கு நாம துட்டு வேற குடுத்திருக்கோம்."

"வியாக்கியானம் கெடக்கட்டும். என் காரு?"

கடைசி நம்பிக்கையாகச் சுதேசிப் பெட்டிக் கம்பெனியைக் கூப்பிட்டார். பெட்டி தூத்துக்குடிக்கே வந்துவிட்டதாம். கிருபாநிதிக்குப் போன உயிர் திரும்பியது.

"ஆத்திர அவசரத்துக்கு நம்மாளுதான் அண்ணாச்சி ஒதவுவான். ஏளா பிளாரன்ஸ், நம்ம பெட்டி எந்த லாரியில வந்திருக்குன்னு பாரு."

சரக்குக் கணக்குப் பார்க்கும் பிளாரன்ஸ் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பிறகு எழுந்துபோய் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தாள்.

"லாரியில இல்ல சார், வெளிநாட்டுல இருந்து இந்தக் கப்பல்லதான் வந்திருக்கு, அந்தா, மேனேஜர் சார் காருக்கு மேல தொங்குதுல்லா, அதுக்குள்ள இருக்கு."