மூக்கறுந்த கொல்லனும் மாட்டுக் கொட்டகை நிழலும்

உழைப்பாளியைப் போற்றுவதில் மின்னசோட்டாவின் ஹோம்விக் மாவட்டப் பொருட்காட்சிக் கமிட்டியை மிஞ்ச இந்தப் பூவுலகில் ஆளில்லை. மூன்று உழைப்பாளிகளை அவர்கள் இடிபாட்டிலிருந்தே மீட்டு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூவரும் கல்லால் ஆனவர்கள்.

பழைய வங்கிக் கட்டடத்தின் முகப்பில் தொண்ணூறு வருஷம் நின்ற சுரங்கக்காரன், கொல்லன், கதிர் அறுக்கிறவள். வங்கியை இடித்தபோது கொல்லனுக்கு மூக்கு போனது. "மூக்கு போயும் முறையிடாதவர்" என்று கமிட்டி கூடி அவரைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

அடுத்த தீர்மானம், மூவரையும் நிறுத்த இடம். மைதானம் முழுக்க வெயில். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மட்டும் ஒரு தகரக் கூரை, அதன் கீழே நீளமான பெஞ்சு. பத்தொன்பது வருஷமாகப் பொருட்காட்சிக் கழிப்பறைகளைக் கழுவும் ஓப்பலும் அவள் கூட்டாளிகளும் மதியம் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கேதான். பெஞ்சு பெயர்க்கப்பட்டது, அங்கே சிலைகளோடு மேடை 'எழுந்தருளியது'.

ஓப்பல் கமிட்டித் தலைவர் ஹாக்டாலை வழிமறித்தாள்.

"சார், நாங்க எங்க உட்கார்றது?"

"கல்லு வெயில்ல நின்னா வெடிச்சுடும், ஓப்பல். நிபுணர் அறிக்கையே இருக்கு."

"எங்களைப் பத்தி அறிக்கை இல்லையா?"

"நீங்க வெடிச்சதா இதுவரைக்கும் புகார் வரலியே!"

மறுநாள் மதியம் ஓப்பலின் கூட்டாளி மெர்ல், கையில் பாதி சாண்ட்விச்சோடு வெயிலில் சுருண்டு விழுந்தாள். கமிட்டி சும்மா இருக்கவில்லை. பார்வையாளர் நடக்கும் வழியில் விழக்கூடாதென்று உடனே சுற்றறிக்கை விட்டது.

ஓப்பல் மெர்ல் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். "நாளைக்கு நிழல்லதான்டி சாப்பிடுறோம்," என்றாள்.

மறுநாள் தொழிலாளர் தினம். நண்பகலில் திறப்பு விழா. பேண்டு முழங்கியது. திரை போட்ட மேடைக்கு முன்னால் நின்று ஹாக்டால் குரல் தழுதழுக்கப் பேசினார்: "இந்த மூவரும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தண்ணீர் கேட்டதில்லை. லீவு எழுதியதில்லை!"

திரையை இழுத்தார். சிலைகளுக்கு நடுவே காலைத் தொங்கப்போட்டு ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓப்பல் கொல்லனின் முழங்காலில் சாய்ந்து சோளக்கதிர் கடித்தாள். மெர்லுக்குச் சுரங்கக்காரனின் முதுகு தோதாக இருந்தது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்திதான் என்று ஜனங்கள் கைதட்டினார்கள்.

"கீழ இறங்குங்க!" என்று பல்லைக் கடித்தார் ஹாக்டால்.

"சாப்பிட்டு முடிச்சுட்டு இறங்குறோம், சார்."

மைக் வேலை செய்வதை மறந்து தலைவர் கத்தினார். மைதானம் முழுக்கக் கேட்டது.

"இறங்குங்க எல்லாரும்! இது உழைப்பாளிங்களுக்கு ஒதுக்கின இடம்!"