குதிரை நகர்ந்த உகுலேலே

ஒரு பொருளைக் கடையில் வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. தாங்களே செய்துகொள்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், வேறு யாரோ அறுத்து, வளைத்து, துளை போட்டு, எண்ணும் எழுதி அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்ததை வாங்கிக் கோந்து தடவி ஒட்டிவிட்டு, "என் கையால செஞ்சது" என்று ஊரைக் கூட்டும் ஓர் இனம் உண்டு. இன்று நாம் பார்க்கப் போவது அதைத்தான். பயப்படாமல் கிட்டப் போகலாம், கடிக்காது. ஆனால் பேசும்.

மழை ஓயாத தீவு ஊரான ஹீலோவில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி கிளேட்டன் மெடெய்ரோஸ். குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். உகுலேலே, அதாவது கைக்கடக்கமான நாலு தந்தி கிட்டார், செய்வதற்கான பெட்டி ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். இருப்பதிலேயே மலிவான பெட்டி, உள்ளே இருந்தது ஒட்டுப்பலகை. அதனால் என்ன? பெட்டியைப் பிரிக்கும் முன்பே அவர் நிபுணராகிவிட்டார்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். எதைப் பார்த்தாலும் விரலை மடக்கித் தட்டிக் காதை வைப்பார்கள். கிளேட்டன் சாப்பாட்டு மேசையைத் தட்டினார், மாதா கோயில் பெஞ்சைத் தட்டினார், பல் டாக்டரின் மருந்து அலமாரியைத் தட்டினார், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்துவிட்டாள். "மரம் பேசும்மா, கேக்கத் தெரியணும்" என்றார். என்ன பேசிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் அங்கேயே நின்றிருப்பாள்.

அடுத்தது ரத்தம். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த போர்ச்சுகல்காரர்கள்தான் இந்தக் கருவியின் தாயைத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். கிளேட்டன் அவர்கள் வழி வந்தவர். "கத்துக்க எதுவும் இல்ல, ரத்தத்துலயே இருக்கு" என்பார். யாராவது யூகலேலி என்று சொல்லிவிட்டால் போச்சு. "உகுலேலே" என்று மூன்று முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் ஆளை விடுவார். அவர் ரத்தத்தில் இருந்த உச்சரிப்பு கைவிரல் வரை இறங்கவில்லை. வாசிக்கத் தெரிந்தது ஒரே பாட்டு, அதுவும் முக்கால்வாசி.

இது இவ்வளவோடு நின்றிருந்தால் வம்பில்லை. பேத்திக்கு முதல் பிறந்தநாள் வந்தது. தீவில் கல்யாணத்தைச் சின்னதாக முடித்துக்கொண்டாலும் கொள்வார்கள், முதல் பிறந்தநாளைச் சின்னதாக முடிக்க மாட்டார்கள். இருநூறு பேர், கூடாரம், குழியில் வெந்த பன்றி. சம்பந்தி மோசஸ் கஹலே நல்ல வாசிப்புக்காரர், அதிகம் பேசாத மனிதர். "பாட்டுக்கு நான் உகுலேலே எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"நீங்க உக்காந்து சாப்பிடுங்க சம்பந்தி," என்றார் கிளேட்டன், குடும்பமே கேட்கும்படி. "பேத்திக்கு நான் வாசிக்கிறேன். நானே செஞ்சதுல."

சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. மருமகன் வீட்டார் முன்னால் அசிங்கப்பட்டால் அப்புறம் எந்த முகத்தோடு பேத்தியைத் தூக்குவது?

வேலை ஆரம்பித்தது. வீட்டிலிருந்த துணிக்கவ்விகள் எல்லாம் உகுலேலேயின் விளிம்பில் ஏறின. மனைவி பெர்னடின் ஈரத்துணியை நாற்காலிகளுக்குப் போர்த்தினாள். கோந்து ஒரே நாளில் காயும் என்று குறிப்புத்தாளில் போட்டிருந்தது. எழுதியவன் ஹீலோ மழையைக் கண்டதில்லை. மூன்று நாளாகியும் அது பாகு மாதிரியே இருந்தது. கடைசியாகக் குதிரை. அதாவது, வயிற்றுப்பலகை மேல் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு. அதை ஒட்டி, அசையாமல் இருக்க இறைச்சி டின் எட்டு எடுத்து இரண்டு வரிசையாக மேலே அடுக்கிவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் டின் ஆறுதான் இருந்தது.

"இங்க இருந்த டின்னு எங்க?"

"கோயில் கூட்டத்துக்கு முசுபி பண்ண எடுத்தேன்," என்றாள் பெர்னடின். சோற்றுக்கட்டி மேல் இறைச்சித் துண்டை வைத்துக் கடற்பாசி சுற்றிக்கொண்டிருந்தாள். "ஏன், அதுவும் வாசிக்குமா?"

"அது குதிரைய அமுக்கிட்டு இருந்துச்சு."

"ஆறு இருக்கே கிளேட்டன். குதிரைக்கு அது பத்தாதா?"

பத்தவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்திலிருந்து உருவியிருந்தாள். குதிரை மறுபக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. மூன்று நாள் காயாத கோந்து, அன்றைக்கென்று பார்த்து இரும்பாகக் காய்ந்திருந்தது.

இனி அது எப்படிப் பாடும்? தந்தியை அழுத்தாமல் சும்மா வருடினால் தேன். கழுத்திலுள்ள மெட்டுக்கட்டையில் விரலை அழுத்தினால் சுரம் பிசகிப் பூனைச் சண்டை. விருந்துக்கு மிச்சமிருந்தது ஒரே நாள்.

கூடாரத்தின் மேல் மழை கொட்டியது. கிளேட்டன் இருநூறு பேர் முன்னால் நின்றார். மரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார், ரத்தத்தைப் பற்றி எட்டு நிமிஷம். பேச்சு தீர்ந்துபோயிற்று, வாசிக்காமல் வேறு வழியில்லை. முதல் வருடலில் கூட்டம் "ஆகா" என்றது. இரண்டாவதில் விரலை அழுத்தினார். பெர்னடின் மடியிலிருந்த குழந்தை உதட்டைப் பிதுக்கியது. யாரோ இருமினார்கள். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது அவருக்கு.

சோற்றுத் தட்டை வைத்துவிட்டு மோசஸ் எழுந்து வந்தார். காரில் ஒளித்து வைத்திருந்த தன் உகுலேலேயோடு பக்கத்தில் நின்று காதோரம் சொன்னார்: "விரல வைக்காதீங்க சம்பந்தி. சும்மா வருடிக்கிட்டே இருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பாட்டு எழும்பியது. மோசஸின் விரல்கள் ஏறி இறங்க, கிளேட்டன் அழுத்தாத நான்கு தந்திகளை வருடிக்கொண்டே இருக்க, கூடாரமே சேர்ந்து பாடியது. குழந்தை கை தட்டியது. கிளேட்டனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதனை வாழ்நாளெல்லாம் கொண்டாட வேண்டும் என்று அந்த நிமிஷம் மனதார நினைத்தார்.

நினைப்பு பன்றிக்கறி வரும்வரை நின்றது. பிறகு நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"குதிரை என்ன அங்கிள், கோணலா இருக்கு?" என்றான் ஒருவன்.

"கோணலா? அது சாய்வுப்பா. பழைய கைவேலைக்காரங்க முறை. பெட்டி வாங்கிச் செய்யறவன் எல்லாம் நேரா ஒட்டிருவான்." இரண்டு மேசைக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினார். "சம்பந்திகிட்டயும் சொல்லணும், பாவம். அவரோடது நேரா இருக்கு."

இரண்டு மேசை தள்ளி மோசஸ் முசுபியைக் கடித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் "கதவக் கொஞ்சம் தூக்கி, இடது பக்கமா அமுக்கி மூடணும், அதுதான் அதோட சிறப்பு" என்று சொல்லிக் கொடுக்கிறீர்களே, அந்த அலமாரி. பெட்டியில் வந்த பலகைகளைத் திருகி அதைச் சேர்த்தது யார்?