எல்லை கடந்த ஊராட்சியர்

ஒரு நிலப்பகுதியை ஓர் ஆட்சி இன்னோர் ஆட்சியிடம் ஒப்படைக்குமுன், அங்குள்ள குடிகள் எந்த நாட்டார் என்று முடிவு செய்வது போகிறவர்களின் தலையாய கடமை. பழனி மலையில் குண்டுப்பாறை என்ற நாற்பது வீட்டு ஊரை ஊராட்சியிலிருந்து நகராட்சிக்கு மாற்றி உத்தரவு வந்தபோது, ஊராட்சிச் செயலாளர் வேலுமணி இந்தக் கடமையை மறக்கவில்லை.

அந்த ஊர்க் கருப்பம்மாளுக்கோ கவலை வேறு. ஊருக்கு மேலே ஒரு காட்டுமாடு தண்ணீர்க் குழாயை மிதித்து உடைத்துவிட்டது. தெருக்குழாயில் சொட்டு இல்லை. உடைப்பில் தேங்கிய குட்டையில் மாடு நின்று குடித்தது. கிட்டே போக யாருக்கு நெஞ்சுரம்? அவள் ஓடைவரை இறங்கிக் குடம் சுமந்தாள். முட்டி போயிற்று, தூக்கம் போயிற்று, கவலை மட்டும் போகவில்லை.

குழாயை ஒட்டித் தரச் சொல்லி வேலுமணியிடம் போனாள். போகிற ஆட்சி புது வேலையில் கை வைப்பது மரபல்ல என்றார். நகராட்சிக்கு ஏறினாள். இன்னும் கைக்கு வராத ஊரின் உடைப்பைத் தொடுவது முறையல்ல என்றார் அதிகாரி கோகுல்ராஜ்.

திரும்பி வந்தால் வேலுமணி அட்டை அடித்து வைத்திருக்கிறார். வெள்ளைக்காரன் ஹாங்காங்கைச் சீனாவிடம் விட்டுப் போகுமுன் அங்கிருந்தவர்களுக்குக் ‘கடல் கடந்த பிரிட்டிஷார்’ என்று இப்படி ஒன்று கொடுத்தானாம், செல்போனில் பார்த்தாராம். ‘எல்லை கடந்த ஊராட்சியர்’ என்று பொன்னெழுத்து மின்னியது.

“இது இருந்தா தண்ணி வருமா தம்பி?”

“வராதுக்கா. ஆனா தண்ணி வந்திருக்க வேண்டிய ஆளுன்னு நிரூபிக்கலாம். அந்த மரியாதைய எவனும் பறிக்க முடியாதுல்ல.”

மரியாதை என்றதும் ஊர் மொய்த்தது. அட்டைக்கு உறை வந்தது, உறைக்குக் கழுத்துக் கயிறு வந்தது. கயிறு இல்லாதவர்களுக்குக் கல்யாண வீட்டில் கடைசிப் பந்திதான். தனக்கு மட்டும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து கருப்பம்மாளும் வாங்கி மாட்டிக்கொண்டாள். வாங்காதது மாடு மட்டுமே.

ஒப்படைப்பு நாளில் கோகுல்ராஜ் வந்தார். மாலையை வாங்கிக்கொண்டு, கருப்பம்மாள் கழுத்திலிருந்த அட்டையை வாசித்தார். முகம் மலர்ந்தது.

“எல்லாரும் ஊராட்சி ஆளுங்கன்னு நீங்களே கழுத்துல போட்டிருக்கீங்க. நகராட்சித் தண்ணிய வெளியூர்க்காரங்களுக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லைங்களே.”

“அப்ப இங்க நகராட்சி ஆளு யாருதான் சார்?” என்றாள் கருப்பம்மாள்.

அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு மேலே, குட்டையில் நின்ற மாட்டைப் பார்த்தார். அட்டை கிடையாது, வேறு ஊர் கிடையாது, நிரந்தர வசிப்பு. போதாக்குறைக்கு, கொடைக்கானல் போகிற வேன்களெல்லாம் நின்று அதைப் படம் எடுத்துவிட்டுத்தான் போயின.

“குழாய அடைச்சா அவருக்குத் தண்ணி நின்னுருமே,” என்றார். “இருக்கிற ஒரே பயனாளிய எப்படிம்மா கைவிடறது?”

மறுநாள் வெள்ளனே கருப்பம்மாள் முருகனை வேண்டிக்கொண்டு குடத்தோடு மேடேறினாள். மாடு குடித்துக்கொண்டிருந்தது. மரியாதையான தூரத்தில் ஒருவர் வாளியோடு நின்றார். வேலுமணி. அவர் வீடும் குண்டுப்பாறைதான். கழுத்தில் அட்டை, எண் ஒன்று.

“பின்னால நில்லுங்கக்கா,” என்றார் மெல்ல. “உள்ளூர்க்காரரு குடிச்சு முடிக்கட்டும்.”